விசர் விஞ்ஞானியின் வெள்ளைச் சட்டை

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். ஆசிரியர் தலையங்கம் எழுதியிருக்கிறேன். மரண அறிவித்தல் எழுதியிருக்கிறேன். சோதிடர் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் இராசிபலனும் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுபத்திரண்டாவது வயதில் ஒரு விசர் விஞ்ஞானிக்கு உடுப்புத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழும் என்று எந்த இராசிபலனும் எனக்குச் சொன்னதில்லை.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் மகளின் வீட்டில் நின்றேன். ஒருநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒன்பது வயதுப் பேத்தி அறிவித்தாள்.

"அம்மப்பா, இந்த முறை ஹலோவீனுக்கு நான் மாட் சயன்ரிஸ்ட்."

"அப்படியெண்டால் விசர் விஞ்ஞானி" என்றேன்.

"விசர் எண்டால் என்ன?"

இரவுக் கடமை முடித்து வந்திருந்த மகள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அம்மப்பாவைக் கேள் பிள்ளை. ஒரு காலத்திலை அவருக்கு நல்லாப் பழக்கமான சொல்லு" என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. அதைப் பின்னர் சொல்கிறேன். பேத்திக்கோ அந்தச் சொல் பிடித்துவிட்டது. அன்று முழுவதும் "விசர் விஞ்ஞானி, விசர் விஞ்ஞானி" என்று வீட்டுக்குள் ஓடித் திரிந்தாள். தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் வேலையில்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே பொறுப்பு என்னிடம் வந்தது.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். ஹலோவீன் என்பது ஒக்ரோபர் 31ஆம் திகதி இரவு கொண்டாடப்படுவது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லையில் இறந்தோரின் ஆவிகள் உலாவும் என்று அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பகுதிகளில் வாழ்ந்த கெல்ற்றிய மக்கள் நம்பினார்கள். அவர்களின் 'சவின்' என்ற பண்டிகையில் இதற்கு வேர் இருக்கிறது. அங்கே ரேணிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். குடியேறிகளாக அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தபோது இங்கே பூசினிக்காய் மலிவாகவும் பெரிதாகவும் கிடைத்தது. விளக்குப் பூசினிக்கு மாறியது. எங்களுக்குப் பூசினிக்காய் என்றால் கறி. நீற்றுப்பூசினி என்றால் கண்ணூறு கழிக்கச் சந்தியில் உடைப்பது. பேய்க்கும் பூசினிக்கும் உள்ள உறவு கடல் கடந்தும் ஒன்றுதான் போலும். பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்காரர் இனிப்புக் கொடுப்பார்.

முதலில் கடைக்குத்தான் போனோம். ஹலோவீன் பொருட்களுக்கென்றே ஒரு பெரிய கடை. விசர் விஞ்ஞானி உடுப்புப் பெட்டியொன்று தொங்கியது. நாற்பது டொலருக்கு மேல் விலை. உள்ளே ஒரு மெல்லிய வெள்ளை அங்கி, ஒரு பொய்முடி, ஒரு பிளாஸ்ரிக் கண்ணாடி. பெட்டியின் மேல் ஒரு சிறுவனின் படம். பெண்பிள்ளைகளுக்கான வரிசையில் இளவரசிகள், சூனியக்காரிகள், தேவதைகள். பேத்தி இரண்டு வரிசைகளுக்கும் இடையே நின்று பார்த்தாள். அவளுடைய வகுப்புப் பையன் ஒருவன், அது ஆண்பிள்ளைகளின் வேடம் என்று சொல்லியிருக்கிறான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

"அம்மப்பா, விசர் விஞ்ஞானியிலை பொம்பிளையள் இல்லையோ?"

கேள்விக்கு உடனடியாக என்னிடம் பதில் இருக்கவில்லை. உடுப்பு வாங்காமலே திரும்பி வந்தோம்.

அன்றிரவு பழைய பழக்கத்தில் தகவல் தேடினேன். 1966ஆம் ஆண்டு முதல் 1977 வரை, கனடா உட்படச் சில நாடுகளில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையும்படி கேட்டு, டேவிட் வேட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் முடிவை வெளியிட்டிருந்தார். வரைந்த பிள்ளைகள் 4,807 பேர். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளை ஒருவன்கூட வரையவில்லை. வெள்ளை அங்கி, மூக்குக் கண்ணாடி, தாடி, கையில் குடுவை என்பனவே அதிகமாக வரையப்பட்டவை. கடையில் தொங்கிய பெட்டியை அரை நூற்றாண்டுக்கு முன்னரே அந்தப் பிள்ளைகள் வரைந்து வைத்திருந்தார்கள் எனலாம். நிலைமை மாறாமலும் இல்லை. அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, 1985க்குப் பின் வரைந்த பிள்ளைகளில் சராசரியாக 28 வீதமானோர் பெண்ணை வரைந்தார்கள் என்கிறது. 28 பேர் 28 வீதமாகியிருக்கிறார்கள். ஆனால் பெட்டிக்கு அட்டைப்படம் போடுகிறவர் இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கிறார்.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. விசர் விஞ்ஞானி என்ற பாத்திரத்தையே உலகுக்குக் கொடுத்தவர் ஒரு பெண். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தை மூடியதில் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் அடைபட்ட சில நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான மேரிக்கு அப்போது வயது 18. அவர் எழுதத் தொடங்கியதுதான் 'பிராங்கன்ஸ்ரைன்'. 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் அது வெளிவந்தது. பலரும் நினைப்பதுபோல் பிராங்கன்ஸ்ரைன் என்பது பூதத்தின் பெயரல்ல. அதை ஆக்கிய இளைஞனின் பெயர். மின்னல் வெட்டும் ஆய்வுகூடத்தையும் சுழலும் இயந்திரங்களையும் நம் மனதில் பதித்தது, 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய திரைப்படம்.

பரட்டைத் தலை எங்கிருந்து வந்தது? அதற்கு ஐன்ஸ்ரைன் பொறுப்பு. 1951 மார்ச் 14ஆம் திகதி, தமது 72ஆவது பிறந்தநாளில், சிரிக்கச் சொல்லிக் கேட்டு அலுப்புக் கொடுத்த படப்பிடிப்பாளர்களுக்கு அவர் நாக்கை நீட்டினார். ஆர்தர் சாஸ் என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர் அதை எடுத்துவிட்டார். ஐன்ஸ்ரைனுக்கே அந்தப் படம் பிடித்துப்போய்ப் பிரதிகள் கேட்டு வாங்கினார். எனக்கும் அதே வயது. தலையில் அவருக்கு இருந்த மயிர்தான் இல்லை.

மறுநாள் காலை பேத்தியை அழைத்து, மேரியின் கதையைச் சொன்னேன். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி மழைநாளில் எழுதியது என்றதும் அவளுடைய முகம் தெளிந்தது. "அப்ப நாங்களே செய்வம் அம்மப்பா" என்றாள்.

வேலை தொடங்கியது. வெள்ளை அங்கிக்கு ஆண்களின் வெள்ளைச் சேட்டு ஒன்று போதும். ஒக்ரோபர் கடைசியில் இந்த ஊரில் குளிர் எலும்பைத் தொடும். எந்த வேடமானாலும் குளிர்ச் சட்டையின் மேல்தான் அணிய வேண்டும். அதனால் சேட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. அலுமாரியில் தேடியபோது கீழ்த்தட்டில் மருமகனின் வெள்ளைச் சேட்டு ஒன்று மடித்தபடி கிடந்தது. ஒதுக்கிப்போட்டது என்று நினைத்தேன். விஞ்ஞானியின் அங்கியில் இரசாயனக் கறை இருக்க வேண்டும் என்பது பேத்தியின் கட்டளை. சமையலறையில் கறைக்கு என்ன பஞ்சம்? மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, இருவருமாகச் சேட்டில் தெளித்தோம். ஓவியர்கள்போல் தள்ளி நின்றும் பார்த்தோம்.

மகள் நித்திரையால் எழும்பி வந்தாள்.

"ஐயோ அப்பா, என்ன வேலை பாத்தனீங்கள்? உது அவர் டிசம்பர்க் கலியாணத்துக்கெண்டு வாங்கி வைச்ச சேட்டெல்லோ!"

பத்திரிகையில் பிழை விட்டால் மறுநாள் திருத்தம் போடலாம். சேட்டுக்கு என்ன செய்வது? மகள் அதைப் பறித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். மறுகணம் மஞ்சள் கறை முழுவதும் இரத்தச் சிவப்பாக மாறியது. மகள் கையை எடுத்துவிட்டாள். பேத்தி மட்டும் துள்ளினாள்.

"மாஜிக்! அம்மப்பா, இதை எப்படிச் செய்தனீங்கள்?"

நான் ஒன்றும் செய்யவில்லை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருள், சவர்க்காரம், சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்கள் பட்டால் சிவக்கும். புளியோ தேசிக்காயோ பட்டால் மீண்டும் மஞ்சளாகும். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதை எங்கள் இருவருக்கும் சொல்லித்தந்தவர் ஒருவரே.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியை. 1990இல் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் அரிதாகின. மின்சாரம் இல்லை. அந்த ஐந்து ஆண்டுகளும் யாழ்ப்பாணத்தின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விசர் விஞ்ஞானி இருந்தார் என்றால் மிகையல்ல. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, அதில் திரி எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. எங்கள் வீட்டில் மிதியைச் சுழற்றியவள் மகள். செய்தி எழுதியவன் நான். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். எத்தனையோ செய்திகளின் கடைசி வசனம் அவளுடைய கை வலியால் எனக்குக் கேட்காமற் போயிருக்கிறது.

மனைவியின் பாடசாலை ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத்தாள் தீர்ந்துபோயிற்று. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் எப்படிக் காட்டுவது? அவர் மஞ்சள் நீரில் கடதாசியைத் தோய்த்து நிழலில் உலர்த்தினார். வேலியில் பூத்த செவ்வரத்தம் பூவை அவித்து அந்தச் சாற்றைப் போத்தலில் எடுத்துப் போனார். அதுவும் அமிலத்துக்கு ஒரு நிறம், காரத்துக்கு வேறு நிறம் காட்டும். எங்கள் வீட்டுக் குசினியில் சோற்றுப் பானையைவிடச் சாயப் பானைதான் அதிகம். அவருடைய சேலைகளில் கறை இல்லாத சேலை கிடையாது. பக்கத்து வீட்டார் அன்போடுதான் 'விசர் ரீச்சர்' என்றார்கள். நானும் சொன்னேன். என்னுடையதில் எப்போதும் அன்பு இருந்தது என்று சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சாப்பாடு இல்லாத நாட்களில் அந்தச் சொல் வேறு தொனியில் வந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி. அந்த மாதம் 17இல் ஆரம்பித்த 'ரிவிரெச' படை நடவடிக்கை யாழ். நகரை நெருங்கியிருந்தது. தென்மராட்சிக்கு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட வேண்டும். எங்களிடம் ஒரு சைக்கிள். நான் அரிசிப் பையைக் கட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது மனைவி அதை இறக்கி வைத்துவிட்டு, இருபத்துமூன்று கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் செய்முறைக் கொப்பிகள். திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தவை.

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். பன்னிரண்டு வயது மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அரிசி எங்கையும் கிடைக்கும். பிள்ளையளின்ரை கொப்பி எங்கை கிடைக்கும்?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். பல இலட்சம் மக்கள் ஒரே தெருவில். சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் போகும் தூரத்துக்கு இரவு முழுவதும் எடுத்தது. மழை பெய்தது. மறுநாள், அதாவது ஒக்ரோபர் 31ஆம் திகதி மாலை, மீசாலைப் பக்கத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். முதல் இரண்டு வீடுகளிலும் நிற்க இடமில்லை. அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. திண்ணையில்கூட ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மூன்றாவது வீட்டுக் கதவைத் திறந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கொண்டுவந்து மகளின் கையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் எங்களை வரச் சொன்னார்.

அடுத்த வாரங்களில் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக விசாரித்துக்கொண்டு வந்து தங்கள் கொப்பிகளை வாங்கிப் போனார்கள். எல்லாக் கொப்பிகளும் திருத்தப்பட்டிருந்தன. ஒரு பிள்ளை கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அது வீட்டிலிருந்து தப்பிய ஒரே பொருள் என்றாள். மூன்று கொப்பிகளை எடுக்க யாரும் வரவில்லை. 1996இல் ஊர் திரும்பியபோது அவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தார். இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன.

நான் அன்று கத்திய சொல்லை மீளப் பெறவில்லை. அவரும் அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை. 2011இல் அவர் காலமானார். பேத்தி பிறந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர்.

இவ்வளவையும் பேத்திக்குச் சொல்லவில்லை. மஞ்சள் கடதாசியையும் செவ்வரத்தம் பூவையும் மட்டும் சொன்னேன். "அம்மம்மா உண்மையான சயன்ரிஸ்டோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "விசர் சயன்ரிஸ்டோ?" என்று மீண்டும் கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். "ஊர்ச்சனம் அப்படிச் சொல்லிச்சினம். பிழையாச் சொல்லிச்சினம்" என்றேன்.

உடுப்பு வேலை இரண்டாம் முறை தொடங்கியது. இம்முறை பழைய உடுப்புக் கடையில் நான்கு டொலருக்குப் பெரிய வெள்ளைச் சேட்டொன்று வாங்கினோம். அதை முன்பின்னாகப் போட்டு முதுகில் பொத்தான் பூட்டினால், பழைய படங்களில் வரும் ஆய்வுகூட அங்கிபோலவே இருந்தது. கைகள் முழங்காலைத் தொட்டன, மடித்துவிட்டோம். வெடிவிபத்தில் தப்பிய தோற்றம் வேண்டும் என்றாள். மெழுகுதிரியால் ஓரத்தைச் சற்றுக் கருக்கலாம் என்று சமையலறையில் முயன்றேன். புகை எச்சரிக்கைக் கருவி ஊரைக் கூட்டியது. நித்திரையிலிருந்த மருமகன் போர்வையோடு கீழே ஓடிவந்தார். பிறகு கத்தரிக்கோலால் ஓட்டை வெட்டி, ஓரத்தில் கரித்தூள் பூசினோம். அதே விளைவு, சத்தம் மட்டும் இல்லை.

தலைக்குப் பொய்முடி வாங்கவில்லை. அவளுக்கே அம்மம்மாவின் சுருட்டை முடி. அதை நுனியிலிருந்து அடிப்பக்கமாகச் சீவி எழுப்பி, பிள்ளைப் பவுடர் தூவியதும் ஐன்ஸ்ரைன் வந்துவிட்டார். நீச்சல் கண்ணாடி நெற்றியில். பாத்திரம் கழுவும் மஞ்சள் இறப்பர்க் கையுறை கைகளில். இடக்கைக்கு ஒரு நிறம், வலக்கைக்கு ஒரு நிறம். கண்மையால் தடித்த புருவம். அங்கியின் சட்டைப்பையில் ஏழு பேனா, ஒரு கரண்டி, ஒரு பல்துலக்கி. ஏன் பல்துலக்கி என்று கேட்டேன். "விஞ்ஞானி வீட்டை போக நேரமில்லை, அம்மப்பா" என்றாள். அம்மம்மாவை அவள் கண்டதே இல்லை. இருந்தும் எப்படித் தெரிந்தது என்று வியந்தேன்.

மருமகன் புகைக்காக உலர்பனி வாங்கலாம் என்றார். அது உறைந்த காபனீரொட்சைட்டு. குளிர்நிலை பூச்சியத்துக்குக் கீழே 78 பாகை. வெறும் கையால் தொட்டால் தோல் கருகும். மூடிய போத்தலில் போட்டால் வெடிக்கும். பிள்ளை கையில் கொடுக்கும் பொருளல்ல என்று தடுத்துவிட்டேன். எங்களிடம்தான் அதைவிட நல்ல வித்தை இருந்ததே! ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் மஞ்சள் நீர். தமிழ்க் கடையில் வெற்றிலையோடு விற்கும் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்த நீர் இன்னொன்றில். அது கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் என் கையில். தேசிக்காய்ச் சாறு மூன்றாவதில். நீச்சல் கண்ணாடியும் இப்போது வேடத்துக்கு மட்டுமல்ல, வேலைக்கும் உதவியது.

ஒக்ரோபர் 31, செவ்வாய்க்கிழமை. இருட்டியதும் புறப்பட்டோம். மகளும் வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் பேத்தி ஒரு கொடூரமான சிரிப்புச் சிரித்து, மஞ்சள் நீரைக் காட்டுவாள். நான் உதவியாளன், சில துளி விடுவேன். நீர் சிவக்கும். தேசிக்காய்ச் சாறு விட்டதும் மீண்டும் மஞ்சளாகும். கதவு திறந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இரண்டாம் முறை செய்யச் சொல்லி இரண்டு மடங்கு இனிப்புக் கொடுத்தார். பெட்டிப்படச் சிறுவனின் அதே அங்கியை அணிந்த வகுப்புப் பையனும் வழியில் எதிர்ப்பட்டான். போத்தலை ஒருமுறை தான் குலுக்கலாமா என்று கேட்டான். பேத்தி பெருந்தன்மையோடு அனுமதித்தாள்.

தெருவின் கடைசி வீடுகளில் ஒன்றில், வேட்டியும் தடித்த மேற்சட்டையும் அணிந்த ஒரு முதியவர் கதவைத் திறந்தார். பின்னால் அவருடைய மனைவி. நீர் சிவந்ததும் அந்த அம்மா, "இதென்ன பிள்ளை, ஆலாத்தியோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நீரால் மணமக்களை வரவேற்கும் நம் ஆலாத்தித் தட்டும் இதே இரசாயனந்தான். எத்தனை தலைமுறைப் பெண்கள் இந்தப் பரிசோதனையைச் செய்திருப்பார்கள்! ஒருவரையும் யாரும் விஞ்ஞானி என்று வரைந்ததில்லை.

அந்த அம்மா இனிப்புக் கிண்ணத்தைப் பேத்தியிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற மகள் மெதுவாக, "அண்டைக்கும் முப்பத்தோராந் திகதிதான், என்னப்பா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"பனங்கட்டி" என்றாள்.

இருபத்தெட்டு ஆண்டுகள். இன்னொரு 28. வாசல் விளக்கின் கீழ் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அன்று கொப்பிகளைக் கட்டிய தாயையும் கத்திய தகப்பனையும் பார்த்துக்கொண்டு நின்ற அதே பிள்ளை. "அம்மாவுக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. மகள் பதில் சொல்லவில்லை. வழுக்கும் படியில் நான் இறங்க என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருமகனின் கலியாண வீட்டுச் சேட்டைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். எத்தனை முறை தோய்த்தும் மஞ்சள் போகவில்லை. "பரவாயில்லை மாமா" என்று அவர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சற்று உண்மையாகவே இருந்தது. மனைவியின் சேலைக் கறைகளுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. மஞ்சள் நிறத்தை வெயில் தின்றுவிடும். ஈரத்தோடு கொடியில் போட்டால் நாலைந்து நாளில் கறை வெளிறும். ஆனால் கனடாவின் நவம்பரில் வெயிலுக்கு எங்கே போவது?

சேட்டை என் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். மாரி மழை விட்ட இடைவெளியில், முற்றத்தில் அவர் கட்டிய அதே கம்பிக் கொடியில் காயப் போட்டேன். நான்காம் நாள் பார்த்தபோது வெள்ளையாக இருந்தது. மடித்து, கனடா போகும் உறவினர் ஒருவரின் கையில் கொடுத்தனுப்பினேன். கலியாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.

அதனோடு ஒரு சிறு பொதியும் அனுப்பினேன். மஞ்சள் நீரில் தோய்த்து, நிழலில் உலர்த்தி, நீளமாக வெட்டிய இருபத்துமூன்று கடதாசித் துண்டுகள். உறையின் மேல் பேத்தியின் பெயரை எழுதி, அதன் கீழே, 'விஞ்ஞானி அம்மம்மாவின் முறைப்படி செய்தது' என்று எழுதினேன். விசர் என்ற சொல்லை விட்டுவிட்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள் பிந்திய திருத்தமாக அதை எடுத்துக்கொள்ளலாம்.